லோஃப்வேன் தோற்றார், ஆனால் அதோடு போகவில்லை

'வெல்டராக இருந்து சுவீடன் பிரதமரான ஸ்டெஃபான் லோஃப்வேன், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்று வீட்டுக்குப் போனார்' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை. உலோகத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்தவர், 2014இல் பிரதமரானார். 2021 ஜூன் 21இல், வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் திட்டத்தை எதிர்த்து இடதுசாரிக் கட்சி கைவிட, 181 வாக்குகள் அவரை வீழ்த்தின.

ஆனால் ஜூலை 7இல் அவரே மீண்டும் பிரதமர்! ஆதரவு 116, எதிர்ப்பு 173, நடுநிலை 60. கணக்கு தவறல்ல. 349 பேர் கொண்ட அவையில் எதிர்ப்பு 175 வாக்குகளை எட்டாவிட்டால் போதும், வினோதமான விதிதான். நவம்பரில், முன்பே அறிவித்தபடி, தாமாகவே விலகினார். அடுத்து வந்தவர் அவர் கட்சியின் மக்டலேனா ஆண்டர்சன்.