கடலடியில் கிடைத்தது நெல்சனின் ‘விக்டரி’ அல்ல

“டிரஃபால்கர் போரில் நெல்சன் நின்ற ‘விக்டரி’ கப்பல் 2008-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் கிடைத்தது” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் 1805-இல் டிரஃபால்கரில் நின்ற கப்பல் 1765-இல் இங்கிலாந்தின் சாத்தமில் நீரில் இறங்கியது. 1922 முதல் போர்ட்ஸ்மவுத் உலர்துறையில் (நீரை வெளியேற்றிய கப்பல் துறை) நிற்கிறது, டிக்கெட் எடுத்து ஏறிப் பார்க்கலாம்.

மூழ்கியதும் 2008-இல் கிடைத்ததும் அதே பெயருடைய முந்தைய கப்பல். 1737-இல் நீரில் இறங்கிய 100 பீரங்கிக் கப்பல். ஆயுள் ஏழே ஆண்டுகள். லிஸ்பனில் முடங்கிய சரக்குக் கப்பல்களை விடுவித்துவிட்டுத் திரும்பும் வழியில், 1744 அக்டோபர் புயலில் அட்மிரல் பால்சன் உட்பட சுமார் 1,100 பேருடன் போனது. ஒருவரும் பிழைக்கவில்லை.

அடையாளம் சொன்னது பீரங்கிதான். கடலடியிலிருந்து மேலே எடுத்த இரண்டு பீரங்கிகளில் ஒன்று, அரச முத்திரை பொறித்த, 42 பவுண்டு எடைக் குண்டை வீசும் வெண்கலப் பீரங்கி. குண்டு மட்டுமே சுமார் 19 கிலோ. டிரஃபால்கரில் நெல்சன் கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவையோ 32 பவுண்டு இரும்புப் பீரங்கிகள். இந்த ஒன்றைப் பார்த்திருந்தாலே குழப்பம் வந்திருக்காது.

“ஆங்கிலக் கால்வாயின் காஸ்கெட்ஸ் பாறையில் மோதி உடைந்தது” என்பதும் பழைய ஊகம். கலங்கரை விளக்கக் காவலர்மேல் வீண்பழிகூட விழுந்தது. சிதைவு கிடந்த இடமோ அங்கிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தள்ளி.