தங்க இலையான் வன்னிக்கு வரேல்லை

பின்பக்கம் தங்கமா மினுங்கிற புது மாட்டிலையான் முல்லைத்தீவுக்கு வந்திட்டுதாம், கடிச்சா மாடு அண்டைக்கே செத்திடுமாம் எண்டு வாட்ஸ்அப்பில ஒரு படம் சுத்துது. உது பொய். படத்தில இருக்கிறது அவுஸ்திரேலியாவில குயின்ஸ்லாந்துப் பக்கம் 1981இல பிடிச்ச இனம், 2011இலதான் பிரையன் லெசார்ட் எண்ட ஆய்வாளர் அதை விவரிச்சு பாடகி பியான்சேயின்ர பேரை வச்சவர். மினுங்கிறது வயித்து நுனியில இருக்கிற பொன்மயிர், விஷமில்லை (எங்கட புழுதிக்க தங்கமே மினுங்காது, அது வேற). பட்டியில நாங்க காணுறது வேற சாதியள், அதிலயும் பெட்டைதான் கத்தி மாதிரி வாயால தோலை வெட்டி ரத்தம் குடிக்கும், ஆண் பூந்தேனோட சரி. கடிச்ச உடன மாடு சாகாது, ஆனா மாட்டுக்கு மாடு நோய் காவும். பகலிலதான் கூட மொய்க்கும், அந்த நேரம் புகை போடுங்கோ.