காரி முதல்ல மாடுங்க

ஞாயித்துக்கெழமை ஈரோட்டு இலக்கியக் கூட்டத்துல நடந்ததை ஆளாளுக்கு எழுதியாச்சு, வீடியோவும் சுத்துது. மறுபடி முழுசாச் சொல்லலை. சி.சு. செல்லப்பாவோட ஜல்லிக்கட்டுக் குறுநாவல் 'வாடிவாசல்' பத்தின பேச்சுல, அதுல வர்ற ஜமீன்தாரோட காளை காரி நிக்கற நிப்பைப் பத்தி ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா, காளை இங்க ஒரு குறியீடு. மாட்டைப் பத்திப் பேச இது கால்நடை ஆஸ்பத்திரி இல்லை"ன்னாரு பேச்சாளர். சபையே சிரிச்சுது. நானும் சிரிச்சு வெச்சேன்.

குறியீடுதானுங்க, ஆரு இல்லைன்னா? ஜமீன்தார் கௌரவம் அந்தக் கொம்புல தொங்குது. மாடு புடிக்க வந்த பிச்சி அதை அணைஞ்சு அடக்குனதும் கௌரவம் போச்சு, மாட்டைச் சுட்டுட்டாரு. படிச்ச எல்லாருக்கும் புரியறதுதான் இது. ஆனா 1959-ல செல்லப்பா வாடிக்குள்ள கௌரவத்தை அவுத்து விடலை, மாட்டைத்தான் விட்டாரு. பிச்சியோட அப்பன் அம்புலியைக் குத்துனது கொம்பா, குறியீடா? மாடா நின்னாத்தான் பொறவு அது வேற எதுவாவும் நிக்கும்.

காங்கேயம் பக்கத்துக் கண்ணபுரம் தேர் மாட்டுச் சந்தையில எங்க ஐயன் ஒரு எருதை வித்தப்ப நானும் கூட நின்னேன். செவலைக் கன்னாப் பொறந்து ஆறு மாசத்துல சாம்பல் நெற மயிலையா மாறுனது, எங்க கட்டுத்தரையிலயே வளந்தது. துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலை பேசுனாங்க. வாங்குனவரு பல்லைப் பாத்தாரு, சுழியைப் பாத்தாரு. கயித்தை மாத்தி இழுத்தா, நாலு காலையும் ஊனிக்கிட்டு எருது அசையலை. ஐயன் போயித் தாடைக்கடியில சொறிஞ்சு குடுத்தாரு. ஒடனே நடந்துருச்சு. வித்தவரே நைசாப் பேசி அனுப்பி வெச்சாரு! இது எதுக்குக் குறியீடுன்னு பேச்சாளர் வந்து சொல்லட்டும், கேட்டுக்கறேன்.

"உலக இலக்கியம் படிங்கக்கா"ன்னு இன்பாக்ஸ்ல ஒரு தம்பி. படிச்சேன் தம்பி. அமெரிக்க நாவலாசிரியர் மெல்வில் 1841-ல திமிங்கில வேட்டைக் கப்பல்ல வேலைக்குப் போனவரு. பத்து வருசம் கழிச்சு வந்த 'மோபி டிக்'ல, கொழுப்பை எப்படி உரிக்கறது, எப்படிக் காய்ச்சறதுன்னு அத்தியாயம் அத்தியாயமா எழுதி வெச்சிருக்காரு. அந்த வெள்ளைத் திமிங்கிலத்தை ஒலகத்துத் தீமைக்கெல்லாம் உருவமாப் பாத்தது ஆரு? கேப்டன் ஆகாப். வாயில்லாச் சீவன் ஏதோ குருட்டு வேகத்துல காலைக் கடிச்சதுக்குப் போயி வஞ்சம் வெக்கலாமான்னு அவரோட துணை அதிகாரி ஸ்டார்பக் கேக்கறான். காதுல ஏறுனாத்தான? கப்பலோட முழுகுனாங்க, கதை சொல்ல ஒருத்தன் மிஞ்சுனான். குறியீட்டைத் தொரத்திக்கிட்டுப் போன மொத ஆளே ஆகாப்தான்!

ஜார்ஜ் ஆர்வெல்லோட 'விலங்குப் பண்ணை'ன்னு கெளம்புவீங்க. ஒத்துக்கறேன், அது உருவகக் கதையேதான். ஆனா அந்த யோசனை எப்ப வந்துச்சுன்னு ஆர்வெல்லே எழுதியிருக்காரு. பத்து வயசுப் பையன் ஒருத்தன் பெரிய வண்டிக் குதிரையைச் சாட்டையால அடிச்சு ஓட்டறதைப் பாத்தப்பத்தான். பெருமாள்முருகனோட 'பூனாச்சி'யை இழுக்காதீங்க. அந்த வெள்ளாட்டுக் குட்டிக்குப் பால் புகட்டக் கெழவி படற பாட்டைத் தாண்டிட்டு அரசியல் மட்டும் படிக்கறவங்ககூட எனக்குப் பேச்சே இல்லை.

கேள்வி தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். சிரிக்க என்னங்க இருந்துச்சு? சாணி அள்ளுன கையி புஸ்தகம் புடிச்சதா? மண்ணு வாசம், வட்டார வழக்குன்னு மேடையில உருகுவீங்க, பொன்னாடை போத்துவீங்க. அந்த மண்ணுலருந்து ஒரு பொம்பளை எந்திரிச்சா மைக்கைத் திருப்பி வாங்கிக்குவீங்க. கட்டுத்தரை கதைக்குள்ள இருந்தா இலக்கியம், கேள்வி கேட்டா ஆஸ்பத்திரி.

"உணர்ச்சிவசப்படறீங்க"ன்னு கமெண்ட் வரும். படறனுங்க. ஆகாப் பட்டா காவியம், நான் பட்டாத்தான் குத்தமா?

அடுத்த கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வராதுன்னு கேள்விப்பட்டேன். அரங்கு பூட்டியா கெடக்கப் போகுது? பஸ் புடிச்சு வருவேன். மொத வரிசையிலதான் உக்காருவேன்.