2021இல கொரோனா ஊரடங்கு எடுத்த நேரம் கல்முனைக்குப் போக ஏலுமா இருந்திச்சு, மாவட்டமில்ல மாகாணம்தான் கணக்கு

அந்த நேரம் பகிர்ந்த ஒரு படத்தில, ஊரடங்கு எடுத்தாலும் மட்டக்களப்பில இருந்து கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போகேலாது, மாவட்டம் மாறுறதால திருப்பி அனுப்புவாங்க எண்டு கிடக்கு. அதைப் பகிர்ந்த தம்பி கோவிக்க வேணாம், அது பிழை. 2021 ஒக்டோபர் 1ஆம் திகதி விடிய 4 மணிக்கு ஊரடங்கை எடுக்கக்குள்ள விட்டுவைச்ச தடை மாகாணம் விட்டு மாகாணம் போறதுக்குத்தான், மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மூண்டும் கிழக்கு மாகாணம், அப்ப கல்லாறு தாண்டி அங்கால அம்பாறை மாவட்டத்துக் கல்முனை, அக்கரைப்பற்றுக்குப் போறதுக்கு அந்தத் தடை இருக்கல்ல. புணானை தாண்டி வெலிக்கந்தைக்குப் போனாத்தான் சிக்கலா இருந்திச்சு, அது வடமத்திய மாகாணம். (அந்த நேரம் இரவு 11 தொடக்கம் விடிய 4 வரை ஊருக்குள்ளயும் சும்மா திரியேலாம இருந்திச்சு, அது வேற கதை.)

என்ட சொல்லை நம்பவும் தேவையில்ல. அப்ப சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் ஒப்பம் வைச்ச வழிகாட்டலை எடுத்து முதல் திகதியைப் பாருங்க, மறுகா பயணம் பத்தின இடத்தில மாவட்டம் எண்டிருக்கா மாகாணம் எண்டிருக்கா எண்டு பாருங்க. இந்தப் படத்தில திகதியுமில்ல ஒப்பமுமில்ல, ஆர் செஞ்சதெண்டே விளங்கல்ல. அதுக்கும் சந்தேகமெண்டா அந்த நேரம் உங்கட ஏரியா பிஎச்ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒரு கோல் எடுத்துக் கேட்டிருந்தா, ரெண்டு நிமிசத்தில சொல்லியிருப்பார்.