பார்சலா, இங்கயா?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தபோது வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவன் வந்து கேட்டான். "அங்கிள், சோதனை வந்தா எதிர்த்து நின்னு ஜெயிக்கறதுதானே விசுவாசம்? நீங்க என்னடான்னா எப்பப் பார்த்தாலும் ஓடு ஓடுன்னே சொல்றீங்க." கேள்வி நியாயமானதுதான். ஆனால் பின்னால் ஒருவர் "யாரோட வண்டிங்க இது, எடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார், அது என் வண்டி, அதனால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் 2014-ல் குடியை விட்டவன். எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும், மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்லி அழுதிருக்கிறேன். 2020 லாக்டவுனில் மே மாதமே மற்ற ஊர்களில் மதுக்கடை திறந்துவிட்டார்கள், சென்னையில் மட்டும் ஆகஸ்ட் 18 வரை மூடிக் கிடந்தது, ஞாபகம் இருக்கும். தெருவில் பழைய கூட்டாளிகள் எல்லாம் திண்டாடிக்கொண்டிருக்க, "எனக்கு அந்த நினைப்பே வரல பாரு" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடையே இல்லாத ஊரில் பரிசுத்தவானாக இருப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது தோன்றவில்லை.

விழுந்தது 2022 நவம்பரில். எட்டு வருடம் கழித்து. எப்படி விழுந்தேன் என்பதைத்தான் அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் சோதனை மாதிரி எதுவுமே இல்லை.

வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்குவேன். வீட்டுக்கு இரண்டு வழி. ஒன்று நேர் வழி, அதில் ஒயின்ஷாப் இருக்கிறது. இன்னொன்று சுற்று, பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூட ஆகும். விட்ட புதிதில் சுற்று வழியில்தான் போவேன். எப்போது நேர் வழிக்கு மாறினேன் என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. கால் வலி, மழை, அவசரம், ஏதோ ஒன்று. வழியில் நடப்பதில் என்ன தப்பு?

அந்தக் கடையை ஒட்டி ஒரு தள்ளுவண்டி. நெத்திலி வறுவல் போடுவார். மசாலா தடவிய நெத்திலியை எண்ணெயில் அள்ளிப் போட்டதும் வரும் அந்த வாசனைக்கு ரயிலில் இறங்கிய பசியோடு வரும் எவனும் தப்ப முடியாது. மேலே வெங்காயம், அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, கொஞ்சம் கறிவேப்பிலையும் வறுத்துப் போடுவார். நான் குடிக்கிறவன் இல்லையே, மீன் வாங்குவதில் என்ன தப்பு? போய் நின்றால் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்பார்: "பார்சலா, இங்கயா?"

"பார்சல்" என்றேன். மூன்று வாரம் பார்சல்தான் வாங்கினேன். வீட்டுக்குப் போவதற்குள் ஆறி நமுத்துவிடுகிறது என்று ஒருநாள் "இங்கயே" என்றேன். வீட்டில் எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அன்றைக்குத்தான் முதல் முறையாக எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். "ட்ரெயின் லேட்டு" என்றேன். பொய் அதற்குள் வந்துவிட்டது, கவனியுங்கள், இன்னும் ஒரு சொட்டு குடிக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் நல்ல மழை. தட்டை வைத்துக்கொண்டு வண்டியின் தார்ப்பாய்க்குக் கீழே பாதி நனைந்துகொண்டு நிற்கிறேன். உள்ளே பாரிலிருந்து பழைய கம்பெனி நண்பன் ஒருவன் பார்த்துவிட்டான். "மச்சான், ஏன் மழையில நிக்கற, உள்ள வந்து உக்காரு, நீ ஒண்ணும் சாப்பிட வேணாம்." உட்கார்ந்தேன். சோடா மட்டும் குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றிரவு வீட்டுக்குப் போகும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பாருக்குள் உட்கார்ந்தும் குடிக்கவில்லை பார், ஆண்டவர் கிருபை! இதையே அடுத்த வாரம் சாட்சியாகச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். (சொல்லியிருந்தால் யாராவது மண்டையில் தட்டியிருப்பார்கள்.)

மூன்றாவது முறை உட்கார்ந்தபோது, "ஒரு கட்டிங் மட்டும், ஷேர் பண்ணிக்கலாம்" என்றான். கட்டிங் என்றால் 90 மில்லி. எட்டு வருடம் அந்த 90 மில்லியில் போயிற்று. அதற்கப்புறம் வந்த நான்கு மாதத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, என் வீட்டில் இருப்பவர்கள் பட்டது அது, அவர்கள் அனுமதி இல்லாமல் எழுதவும் கூடாது.

திரும்பி வந்த பிறகு ஒருநாள் முதலாம் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்குவதற்காக மனப்பாடம் செய்தது, எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். துன்மார்க்கருடைய ஆலோசனையில் நடவாமலும், பாவிகளுடைய வழியில் நில்லாமலும், பரியாசக்காரர் உட்காரும் இடத்தில் உட்காராமலும். நடந்து, நின்று, உட்கார்ந்து. அப்படியே என் ஒயின்ஷாப் கதை. நேர் வழியில் நடந்தேன், தள்ளுவண்டியில் நின்றேன், பாரில் உட்கார்ந்தேன். பைபிளை மூடி வைத்துவிட்டுச் சிரித்துவிட்டேன், கொஞ்சம் அழுகையும்தான்.

லோத்து கதையும் இதேதான். ஆதியாகமம் 13-ல் பாவத்துக்குப் பேர்போன சோதோமுக்கு நேரே கூடாரம்தான் போடுகிறான், ஊருக்குள் போகவில்லை. 14-ல் பார்த்தால் சோதோமில் குடியிருக்கிறான். 19-ல் அந்த ஊர் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். கூடாரத்தை எந்தத் திசை பார்த்துப் போட்டான் என்பதை வேலை மெனக்கெட்டு எழுதி வைத்திருக்கிறார்களே, அது எதற்கு என்று நான் முன்பு யோசித்ததே இல்லை.

இப்போது தம்பியின் கேள்வி. எதிர்த்து நின்று ஜெயிக்க வேண்டாமா? வேண்டும்தான், சோதனை உன்னைத் தேடி வந்தால். யோசேப்பின் வேலையே எஜமான் போத்திபாரின் வீட்டில்தான், அவன் எங்கே போவான்? அந்த நிலைமையிலும், அவனைக் கூப்பிட்ட எஜமான் மனைவியோடு படுக்க மட்டுமல்ல, அவளோடு இருக்கவும் அவன் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. கடைசியில் சட்டையை விட்டுவிட்டு ஓடினான். நானோ போய் நின்றவன். பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று வசனத்தைச் சொல்லியே ஆசை காட்டினான் அல்லவா? அவர் குதிக்கவில்லை, தேவனைப் பரீட்சை பார்க்கக்கூடாது என்றார். பாருக்குள் உட்கார்ந்து சோடா குடித்த அன்று நான் உப்பரிகையிலிருந்து குதித்துவிட்டு, தாங்குகிறாரா பார்க்கலாம் என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பெயர் விசுவாசம் என்று வேறு நினைத்தேன். பரமண்டல ஜெபத்திலும் இயேசு, சோதனையில் ஜெயிக்கப் பலம் தாரும் என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லையே, அதற்கு உட்படப்பண்ணாமல் காத்துக்கொள்ளும் என்றுதானே கேட்கிறோம்?

உடனே ஒருவர் வருவார், "இயேசு பாவிகளோட உக்காந்து சாப்பிட்டாரே பிரதர்" என்று. சாப்பிட்டார். அவர் போனது அவர்களைத் தேடி. நான் போனது நெத்திலிக்கு.

எல்லோருக்கும் ஒயின்ஷாப் இல்லை. சிலருக்கு பழைய ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் தனியாக வரும் "சாப்டியா?" சிலருக்கு ஆபீஸ் பில்லில் ஐம்பது ரூபாய் கூட்டிப் போடுவது. சிலருக்கு வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு கையில் இருக்கும் போன். ஆன்லைன் ரம்மியில் பணம் வைத்து ஆடுவதை இரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2025-ல் தமிழ்நாட்டில் விதி கொண்டுவந்தார்கள், அப்புறம் அதே வருடம் ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தையே மொத்தமாகத் தடை செய்தது. ராத்திரி ஒரு மணிக்கு மனுஷன் எவ்வளவு பலவீனமானவன் என்று சட்டம் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு மட்டும் நம் மேல் அபார நம்பிக்கை.

சபைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. விழுந்து எழுந்தவனுக்குத்தான் மைக் கொடுக்கிறோம். "இந்த வாரம் அந்தத் தெரு வழியா நான் போகல, ஸ்தோத்திரம்" என்று ஒருவர் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் யாரும் அல்லேலூயா போட மாட்டார்கள், ரொம்பச் சப்பென்று இருக்கும். நாற்பது வருடம் குடிக்காமலேயே இருந்த என் மாமனாரை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதே கிடையாது.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? சுற்று வழிதான். நெத்திலி வேண்டுமென்றால் சொல்லுங்கள், வீட்டிலேயே வறுத்துத் தருகிறேன் என்று மனைவி சொல்லிவிட்டாள், மாதம் ஒருமுறை வறுக்கிறாள். உண்மையைச் சொன்னால் அந்த ருசி வரவில்லை, இதை அவள் படிப்பாள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

இந்த வாரம் பார்த்து அந்தச் சுற்று வழியில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டி, தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஸ்டேஷன் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நேர் வழி காலியாக இருந்தது. வீட்டுக்கு போன் போட்டேன். ஐம்பத்தோரு வயது ஆளை, ஸ்கூல் பிள்ளையைக் கூட்டிப்போவது மாதிரி, மனைவி ஸ்கூட்டியில் வந்து கூட்டிப்போனாள். செவ்வாயும் வந்தாள். நேற்று ஏறி உட்காரும்போது "ஹெல்மெட் எங்க?" என்று ஒரு திட்டு விழுந்தது. இன்றைக்கு ஹெல்மெட்டை ஆபீசுக்கே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், ரயிலில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.