மஞ்சள் போர்டு என்றால் அவ்வளவு இளக்காரமா?

கடைக்கு லோடு அடிக்க, வீட்டுக்குப் போய்வர, இரண்டுக்கும் சேர்த்து மஞ்சள் நம்பர் போர்டு மாட்டிய ஒரே பிக்கப் லோடு வண்டிதான் எங்களுக்கு. லோடு ஏற்றினால் அருமையாக ஓடும். காலியாக ஓட்டினால்தான் இடுப்பு கழன்றுவிடும். ஒன்றரை டன் தாங்குவதற்காகப் போட்ட லீஃப் ஸ்பிரிங், வெறும் தொட்டிக்கு எப்படி வளையும்? வேகத்தடை வந்தாலே பின்பக்கம் தூக்கிப் போடுகிறது.

சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கல்யாண மண்டபத்துக்குப் போனால் வாசலிலேயே செக்யூரிட்டி கையை நீட்டி மறிக்கிறார்: "லோடு வண்டியெல்லாம் பின்கேட்டுக்குப் போங்க." பக்கத்து சீட்டில் பட்டுப்புடவையில் மனைவி, மடியில் பிள்ளை. பத்திரிகையைக் காட்டினாலும் சந்தேகமாகவே பார்க்கிறார். அந்தப் பந்திக்கு வந்த காய்கறி, வாழையிலை, தண்ணீர் கேன் எல்லாம் இதே மாதிரி வண்டியில் வந்து இறங்கியவைதானே?

சொந்தக் காருக்கு 15 வருடம் எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, பற்றிய கவலை கிடையாது. நாங்கள் 2 வருடத்துக்கு ஒருமுறை காட்டுகிறோம், வண்டிக்கு 8 வயது தாண்டினால் வருடா வருடம். இத்தனையும் ஒழுங்காகச் செய்கிறவனுக்குக் கார்களுக்கு நடுவே ஓர் இடம் விட என்ன தயக்கம்?