வேகத்தை விடுங்கள், சத்தத்தைப் பாருங்கள்

வில் வாங்கியாச்சு, எந்த ரெஸ்ட் (வில்லில் அம்பைத் தாங்கும் பாகம்) போடலாம், எந்த முதுகுப் பை வாங்கலாம் என்று ஆகஸ்ட் பிறந்தாலே கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் நம் ஆட்களில் வில் வேட்டைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதற்கு இங்கேயே எழுதிவிடுகிறேன். இது என் கருத்துதான். கடைக்காரர் வேறு சொல்வார், அவருக்கு அவர் கவலை.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. இங்கே வெள்ளைவால் மான் வேட்டையை மாநில அரசே கணக்குப் போட்டு நடத்துகிறது. உரிமம் வாங்க வேண்டும், பருவம் பார்க்க வேண்டும், அடித்த மானை 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வேலை விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி என்றால் கூட்டாட்சிச் சட்டத்தில் ஏகப்பட்ட கேள்வி வரும். வில் அந்தச் சட்டத்துக்குள் வராது. நம் ஆட்கள் வில்லில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கோஸ்ட்கோவில் ஆட்டுக்கறி கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதிவில் பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். சொந்த நிலம் உள்ளவர் கோடையிலேயே நல்ல மரமாகப் பார்த்துப் பரண் கட்டிவிட்டு, அக்டோபரில் கையை வீசிக்கொண்டு போய் உட்காரலாம். நமக்கு அது கிடையாது. வாட்டர்லூ, ரோஸ் லேக் மாதிரி அரசு நிலங்கள்தான் கதி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, ஓக் மரத்தில் எது காய் கொட்டுகிறது, நேற்று யார் வந்து மிதித்துவிட்டுப் போனார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் வேறு மரம். அரசு நிலத்தில் மரத்துக்குள் திருகு இறக்கக்கூடாது என்பது சட்டம், அதனால் பட்டையால் கட்டும் ஏணித்துண்டுகளைத்தான் சுமந்து போக வேண்டும். மேலே நிற்க ஒரு சின்னப் பலகை, அதாவது பிளாட்ஃபார்ம், உட்கார இடுப்பில் கட்டும் சேடல். பனையேறி இடுப்புக் கயிற்றை நம்பிப் பின்னால் சாய்வதைப் பார்த்தவர்களுக்கு சேடலை விளக்கவே வேண்டாம், அதேதான். இருட்டில் நடந்து போய், ஏறி, வேட்டை முடித்து, எல்லாவற்றையும் கழற்றிச் சுமந்து திரும்புவது. இந்த வகை வேட்டைக்கு மட்டும்தான் நான் சொல்வது பொருந்தும்.

கடைக்குப் போனால் முதலில் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். இந்த ரெஸ்ட் போட்டால் அம்பு உரசாது, வேகம் குறையாது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மரத்திலிருந்து நாம் அம்பு விடுவது பெரும்பாலும் 20 யார்டுக்குள், அதாவது 60 அடி. கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லில் வேட்டை அம்பு நொடிக்கு ஏறக்குறைய 280 அடி போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 60 அடியைக் கடக்க 0.21 நொடி ஆகும். ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடி போகும். வில் எழுப்பும் சத்தம் 0.055 நொடியில் மானின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அம்பு வருவதற்கு 0.16 நொடி முன்னாலேயே மானுக்குத் தகவல் கிடைத்தாயிற்று. மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும். இப்போது ரெஸ்ட்டில் உரசி அம்பு நொடிக்கு 3 அடி வேகத்தை இழக்கிறது என்று வையுங்கள். 280-க்குப் பதில் 277. போய்ச் சேரும் நேரத்தில் வித்தியாசம் 0.002 நொடி. இதற்காகவா இவ்வளவு பேச்சு?

என் கட்சி இதுதான்: மரம் மாற்றி மரம் ஏறும் வேட்டையில் ரெஸ்ட்டுக்கு இரண்டே வேலை. அம்பைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், சத்தம் போடக்கூடாது. பைக்கும் அதே அளவுகோல்தான்.

ரெஸ்ட்டில் எளிமையானது விஸ்கர் பிஸ்கட். வட்டமாகத் தூரிகை முடி, நடுவில் ஓட்டை, அதற்குள் அம்பு. அசையும் பாகம் எதுவும் இல்லை. வில்லைச் சாய்க்கலாம், தலைகீழாகக்கூடப் பிடிக்கலாம், அம்பு விழாது. சேடலில் இது சாதாரண லாபம் இல்லை. வலக்கைக்காரருக்கு மான் வலப்பக்கம் வந்தால் மரத்தைச் சுற்றித் திரும்பி, வில்லைப் பட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவில் நுழைத்து, ஏதோ ஒரு கோணத்தில் இழுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அம்பு நழுவி, வில்லின் நடுப்பாகமான ரைசரில் 'டிங்' என்று தட்டினால் அன்றைய வேட்டை முடிந்தது.

பிஸ்கட்டுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. அம்பின் பின்னால் உள்ள பிளாஸ்டிக் இறகுகள் ஒவ்வொரு முறையும் முடியைக் கிழித்துக்கொண்டு போவதால் நாளாக நாளாகச் சுருங்கும். கட்டையான, விறைப்பான இறகு தாங்கும். சுருங்கியதை வெந்நீரில் காட்டினால் ஓரளவு நிமிரும். உண்மையான பறவை இறகு ஒட்டிய அம்பு வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். காற்றே இல்லாத உறைபனிக் காலையில் அம்பை இழுக்கும்போது ஒரு சன்னமான உரசல் கேட்கும். டிசம்பரில் முடி நனைந்து உறைந்துவிட்டால் இன்னும் மோசம். ஆனால் முதல் பருவத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் அக்டோபர் 1-லிருந்து நவம்பர் 14 வரை உள்ள முதல் பாதியில்தான் இருப்பார், அதனால் பனிக்கட்டி அவருக்கு அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை.

அடுத்தது ட்ராப்-அவே. அம்பு கிளம்பியதும் தாங்கி கீழே விழுந்துவிடும், இறகு எதிலும் படாது. இதன் உண்மையான லாபம் இங்கேதான், வேகத்தில் இல்லை. அகலமான முனை போட்ட அம்பு காற்றில் சுலபமாகத் திசை மாறும். பின்னால் இறகு உரசாமல் சுத்தமாகக் கிளம்பினால் அது நேராகப் போகும். இதில் இரண்டு வகை உண்டு. கேபிளோடு, அதாவது வில்லின் கப்பிகளில் ஓடும் கயிற்றோடு கட்டிய வகையில், நாம் நாணை இழுக்கும்போது கேபிள் ஒரு சின்னக் கயிற்றை இழுத்துத் தாங்கியை எழுப்பும். லிம்போடு, அதாவது வில்லின் வளையும் கையோடு கட்டிய வகையில் தலைகீழ்: வில் சும்மா இருக்கும்போது லிம்ப் கயிற்றை இறுக்கித் தாங்கியைக் கீழே வைத்திருக்கும், இழுத்ததும் கயிறு தளர்ந்து ஸ்பிரிங் தாங்கியைத் தூக்கிவிடும்.

இந்தச் சின்ன வேறுபாடு காட்டுக்குள் பெரிய விஷயம். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் ஏறக்கூடாது. கயிற்றில் கட்டிக் கீழே வைத்துவிட்டு, ஏறி முடித்து, மேலே இருந்தபடி இழுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. 20 அடி உயரத்துக்கு அந்த வில் கிளைகளிலும் ஏணித்துண்டுகளிலும் இடித்துக்கொண்டு வரும். அதற்கு முன்னால் இருட்டில் 'ஆட்டம் ஆலிவ்' (autumn olive) என்ற புதருக்குள் நுழைந்து வந்திருக்கும். தெற்கு மிச்சிகனில் நடந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் புதர் எதையும் சும்மா விடாது. ரெஸ்ட்டின் அந்த மெல்லிய கயிறு அறுந்தால் என்ன ஆகும்? கேபிள் வகையில் தாங்கியை எழுப்ப ஆள் இல்லை. லிம்ப் வகையில் தாங்கி மேலேயே நின்றுவிடும், இறகு உரசும், ஆனாலும் 20 யார்டில் அம்பு விடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் லிம்ப் வகைப் பக்கம். என் வில்லில் இருப்பதும் அதுதான்.

ஆனால் லிம்ப் வகையிலும் எல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். இழுக்காத நிலையில் தாங்கி தாழ்ந்து கிடப்பதால் அம்பு தளர்வாக இருக்கும். சுற்றிலும் வளையம் அல்லது மேலே தடுப்பு உள்ள மாடலாகப் பாருங்கள், அம்பு உட்காரும் இடத்தில் மெத்தென்ற ஃபெல்ட் ஒட்டுங்கள். உலோகம் தெரியும் இடம் எல்லாவற்றிலும் ஒட்டுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். கேபிள் வகையிலேயே க்யூஏடி அல்ட்ராரெஸ்ட் போன்றவற்றில் தாங்கியைக் கட்டைவிரலால் முன்கூட்டியே எழுப்பிப் பூட்டிக்கொள்ளலாம். அம்பு விடாமல் நாணை மெதுவாகத் திரும்ப இறக்கினாலும் தாங்கி விழாது. மணிக்கணக்கில் அம்பை ஏற்றி வைத்துக் காத்திருக்கும் ஆளுக்கு அது நல்ல வசதி. அதை வைத்திருப்பவர்களை மாற்றச் சொல்லமாட்டேன், அந்தக் கயிற்றை மட்டும் ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள்.

விலை: பிஸ்கட் 50 டாலர் அளவில் முடிந்துவிடும். நல்ல ட்ராப்-அவே 150-லிருந்து 250 வரை போகும். முதல் வருடம் என்றால் பிஸ்கட் போட்டுக்கொண்டு, மீதிக் காசை ஏணித்துண்டிலும் பாதுகாப்புக் கயிற்றிலும் போடுங்கள்.

இனி பை. இங்கேதான் நம் ஆட்கள் யூடியூப் பார்த்து ஏமாறுகிறார்கள். அந்த வீடியோக்களில் பாதி கொலராடோ, மொன்டானா மலைகளில் எல்க் என்ற பெரிய மான் வேட்டை. அங்கே சாலையிலிருந்து பல மைல் உள்ளே போய் அடிக்கிறார்கள். பெரிய ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய கறியே 200 பவுண்டு பக்கம் வரும், அதைத் துண்டு துண்டாக முதுகில் நாலைந்து நடையில் சுமக்க வேண்டும். அதற்காகச் சட்டகம் வைத்து, கறி வைக்கத் தனி இடம் வைத்து, காலியாகவே 5, 6 பவுண்டு கனக்கும் பைகளை மொன்டானாவின் போஸ்மன் பக்கத்துக் கம்பெனிகள் அருமையாக வடிவமைத்தார்கள். விலையும் அதற்கேற்ற மாதிரி. நம் வேட்டை காரிலிருந்து ஒரு மைல் கூட இல்லை. மானை ஒரு பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் போட்டு இழுத்துவிடலாம். கறி தூக்கும் பைக்கு நானூறு, ஐந்நூறு டாலர் கொடுத்து அதில் ஃபிளாஸ்க்கும் சாண்ட்விச்சும் வைத்துத் தூக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பை எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வெளியே என்ன கட்டலாம் என்று பாருங்கள். 25-லிருந்து 30 லிட்டர் இருந்தால் உள்ளே வைப்பதற்குப் போதும். நம் சுமையில் பெரும்பாலானவை உள்ளே போகாதவை: ஆளுக்கு நாலு ஏணித்துண்டு, ஒவ்வொன்றும் 2 பவுண்டு அளவில், 3 பவுண்டு பிளாட்ஃபார்ம், அப்புறம் குளிருக்கான தடித்த ஜாக்கெட். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடக்கக்கூடாது. நடந்தால் வியர்க்கும், மேலே ஏறி உட்கார்ந்த அரை மணியில் அந்த ஈரம் எலும்பு வரை குளிரும், போதாக்குறைக்கு வியர்வை நாற்றம் காற்று போகும் பக்கம் இருக்கும் மானுக்கெல்லாம் போகும். எனவே பையின் வெளியே இறுக்கிக் கட்டும் பட்டைகள் நிறைய இருக்க வேண்டும். கட்டிய பிறகு பையின் அகலம் உங்கள் தோளைத் தாண்டக்கூடாது, ஏணித்துண்டின் முனை தலைக்கு மேலே நீட்டக்கூடாது. நீட்டினால் ஒவ்வொரு கிளையிலும் குனிந்து குனிந்து போக வேண்டும்.

துணி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கோர்டுரா நைலான் காலத்துக்கும் கிழியாது, ஆனால் குளிரில் விறைத்து ஒரு குச்சி உரசினால்கூட விசில் மாதிரி சத்தம் போடும். ஃபிளீஸ் மாதிரி மென்மையான மேல்துணி ஈரத்தைக் குடிக்கும், முள் ஒட்டும், இருந்தாலும் அதுதான் என் தேர்வு. வெல்க்ரோ ஒரு இடத்தில்கூட இருக்கக்கூடாது. அந்த 'சர்ர்க்' சத்தத்துக்கு அடுத்த கவுன்டி மான்கூட வாலைத் தூக்கும். ஜிப்பின் உலோக நுனியைக் கழற்றிவிட்டுக் கயிற்றுத் துண்டு கட்டுங்கள். ஏணித்துண்டுகள் ஒன்றோடொன்று தட்டாமல் இருக்க ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் துணி டேப் போதும், வேட்டைக் கடையில் அதையே மூன்று மடங்கு விலைக்கு விற்பார்கள்.

வாங்குவதற்கு முன் பையை ஒரு கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு, ஒரு கையால் மட்டும் திறந்து பாருங்கள். மரத்தில் அது உங்கள் இடுப்புப் பக்கம் அப்படித்தான் தொங்கப்போகிறது, இன்னொரு கையில் வில் இருக்கும். மேலே வாய் அகலமாகத் திறந்து, உள்ளே இருப்பது கொட்டாமல் இருந்தால் சரியான பை. முன்பக்கம் முழுக்கத் திறந்து விரியும் பை ரயில் பயணத்துக்கு நல்லது, மரத்தில் ஜிப்பை இழுத்த நொடியில் கையுறையும் டார்ச்சும் கீழே போகும். இடுப்புப் பட்டை வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: சேடலைக் கட்டிக்கொண்டே நடப்பவருக்கு இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும், கழற்றி வைக்கக்கூடிய பட்டையாக இருந்தால் நல்லது. சேடலைப் பையில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு இடுப்புப் பட்டை அவசியம்.

வில்லைப் பையோடு சேர்த்துக் கட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பகலில் திறந்த வெளியில் கட்டலாம். இருட்டில், புதருக்குள் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் ரெஸ்ட் கயிற்றில் என்ன சிக்குகிறது என்று தெரியாது. கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், ரெஸ்ட் உங்கள் உடம்புப் பக்கம் இருக்கட்டும். மேலே இழுக்கும்போதும் கயிற்றை மரத்தை ஒட்டி விடாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மெதுவாக இழுங்கள். அம்புகள் மூடிய குவிவரில், அதாவது அம்புக்கூட்டில்தான் இருக்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்து, உங்களைக் கட்டிய கயிற்றை ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் நாணில் அம்பு ஏற வேண்டும்.

ரெஸ்ட் மாற்றினால் வில்லைத் திரும்ப ட்யூன் செய்ய வேண்டும், காகிதத்துக்குள் அம்பு விட்டுக் கிழிசலைப் பார்த்து ரெஸ்ட்டை நகர்த்த வேண்டும். கேபிளுக்குள் கயிற்றை நுழைக்கிற வேலை என்றால் வில்லை அழுத்தும் பிரஸ் வேண்டும், அது வீட்டில் இருக்காது. செப்டம்பர் கடைசி வாரம் வில் கடைகளில் கூட்டம் நெருக்கித் தள்ளும், சீசன் திறந்த பிறகுதான் வில் திரும்பக் கையில் வரும். மாற்றுவதாக இருந்தால் இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள்.